ஆறாம் எண் பெட்டியின் கதவு

டுலூத், அக்டோபர். ஏரியைப் பார்த்த மேட்டில்
பௌலிங் கூடத்தின் தட்டைக் கூரை.
ஆறு பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு வேன் அளவு.
கோடை முழுக்கக் குளிரை இறக்கியவை
இனி வெம்மையை இறக்க வேண்டும்.
நடுவில் உள்ள ஒரு நாள் என்னுடையது.

முதல் ஐந்தும் சொன்ன பேச்சு கேட்டன.
ஃபில்டரை உருவினால் ஒரு பருவத்தின் அழுக்கு:
பாப்லர் மரத்துப் பஞ்சு, வறுவல் எண்ணெய்ப் பிசுக்கு,
ஒரு குளவி, செத்தும் குளவியாகவே.
மூன்றாவதன் மின்பெட்டிக்குள் சுண்டெலிக் குடித்தனம்;
காலி செய்யச் சொன்னேன், செய்தது.
பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன்,
அரை அங்குலம் கொடுத்தது, போதும்.
சுருளின் வளைந்த தகடுகளைச் சீப்பால் வாரி நிமிர்த்தினேன்.
என் மகளுக்கு இத்தனை பொறுமையாக வாரியதில்லை.
அவளே சொல்வாள்.

கீழே இரும்புத்தாது ஏற்ற வந்த கப்பலொன்று
ஊதித் தூக்குப்பாலத்தை எழுப்பியது.

ஆறாவதன் கதவைக் கழற்றித் திருப்பினால்
உள்பக்கம் முழுக்க எழுத்து.
எனக்கு முன்னால் ஏறியவர்கள்
மார்க்கரில் விட்டுப்போனது.
"பெல்ட் மாற்றம். அக்டோபர் 2004. டி.கே."
"மறுபடி பெல்ட். எவன் இவ்வளவு இறுக்கியது?"
"நான்தான். டி.கே."
"மைனஸ் முப்பத்தொன்று. இந்த விரல்கள் என்னுடையவை அல்ல."
"இடது மேல் திருகு மரை கழன்றது. என்னைப் போல."
பிறகு வேறொரு கை, பொடி எழுத்து:
"இரண்டாம் குழாயில் துரு. கண் வை."
மறு ஆண்டு அதே கை: "வைத்தேன்."
அதற்கடுத்த ஆண்டும்: "வைத்தேன்."
அதன் பின் அந்தக் கை இல்லை.
யாரென்று ஆபீஸில் கேட்டால் தெரியாது,
கம்பெனியே இருமுறை கைமாறிவிட்டது.

கேஸைத் திறந்தேன். பொறி. பற்றியது.
நீலம். நேராக நிற்கிற தீ.
முப்பது விநாடி எண்ணினேன்.
அதுவரை எல்லாத் தீயும் நல்ல தீதான்,
ப்ளோயர் சுழன்றால்தான் குணம் தெரியும்.
சுழன்றது.
இரண்டாம் குழாயின் சுடர் மட்டும்
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
தலையைத் திருப்பி
மஞ்சளாயிற்று.

கேமராக் கம்பியை உள்ளே விட்டேன்.
வளைவில், நகம் கீறிய மாதிரி ஒரு கோடு.

வெண்டல் ஓஸ்லண்ட் ஏணியடி வரை வந்தார்.
ஏறவில்லை, முழங்கால்.
"இன்று ராத்திரி லீக், பதினாறு அணி!
திங்கள்வரை ஓடாதா?"
ஓடும். அதுதான் சிக்கல்.
வாசனை வராது, சத்தம் வராது,
தலைவலி வரும், பியர்மேல் பழி போடுவார்கள்.
மேலிருந்து கத்தினேன்; காற்று பாதியைத் தின்றது.
மீதி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்:
தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.
"புதுசு எவ்வளவு?"
சொன்னேன்.
பதிலுக்கு அவர் சொன்னதை
இந்தக் கதவே கூசாமல் ஏற்றிருக்கும்.

வால்வை மூடினேன். சிவப்புச் சீட்டைக் கம்பியால் முறுக்கிக் கட்டினேன்.
தெற்கோரத்து நான்கு பாதைகள் இன்று குளிரும்.
ஸ்வெட்டரோடு உருட்டட்டும்.

பையை மூடிய பிறகுதான் மார்க்கரைத் தேடினேன்.
மை வர மறுத்தது. அக்குளில் வைத்துக்கொண்டேன்,
அன்று நான் சூடேற்றிய ஆறாவது பொருள்.
இந்தப் பெட்டி பழைய இரும்புக்குப் போகும்,
கதவும் சேர்ந்தே போகும், தெரியும்.
ஆனாலும் பொடி எழுத்துக்குக் கீழே
ஒரு வரிக்கு இடம் இருந்தது.

"பார்த்தேன். எம்.ஆர்."